நீல ஜன்னல் வீடும் இசக்கியம்மாளின் நெத்திலியும்

மொந்தோலாக் கிராமம்,
பிரான்ஸ் தேசம்.
ஜூலை மாதம். (தேதி நிச்சயமில்லை. இந்த ஊரில் தேதி கேட்டுச் சொல்ல ஆள் கிடையாது.)

பிரியமுள்ள மைத்துனன் ஆன்றோவுக்கு, அத்தான் அமலன் மச்சாடோ மரியே வாழ்க என்று சொல்லி எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காள் டெல்பினும் மகள் ஸ்டெபியும் மாதாவின் கிருபையால் இங்கே சுகம். நீயும் அல்போன்சாவும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்காவது சுகமாக இருக்கவும். இதில் உனக்கு நிறைய வேலை வைத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். இந்த ஊரில் போன் சிக்னல் கல்லறைத் தோட்டத்து மதில் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே நின்று நான் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகை ஓட்டும் செராங்காக, என்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பிழைத்த தொண்டை, மெதுவாகப் பேச இன்னும் பழகவில்லை. ஊர் கேட்டால் பாதகமில்லை, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உன் அக்காளுக்குத் தெரியும். அதுதான் சிக்கல். நான் எழுதப்போகிற விஷயம் இப்போதைக்கு உன் அக்காள் காதுக்குப் போகக்கூடாது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், நான் எதை அனுப்பினாலும் நீ படிக்காமலே ரெண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு பொம்மை போடுகிறவன். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். திரேஸ்புரம் வீட்டை விற்றுவிடு.

பதறாதே. உட்கார்ந்து படி. நாங்கள் லூர்து மாதாவைப் பார்த்து உன் அக்காளின் நேர்ச்சையை முடித்துவிட்டுத் திரும்பும்போது, ஸ்டெபி, "அப்பா, கொஞ்ச நாள் ஒரு கிராமத்துல தங்குவோம், நான் அங்க இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாத்துக்கிடுவேன், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி இங்கே ஒரு சின்ன வாடகை வீடு பிடித்தாள். கார் ஒரு கல் பாலத்தில் ஏறி இறங்கியது. கீழே ஆறு வளைந்து போகிறது. அந்தப் பக்கம் ஒரு மேடு, மேட்டில் அடுக்கடுக்காகக் கல் வீடுகள், உச்சியில் ஒரு கோவில் கோபுரம், ஒவ்வொரு ஜன்னலிலும் தொட்டி தொட்டியாகச் சிவப்புப் பூ. ஏலே, எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஊர் உலகத்துக் கப்பலையெல்லாம் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தேனே ஒழிய, ஒன்றிலும் ஏறி எங்கேயும் போனதில்லை. வெளியூர் என்றால் எனக்கு ஏரலும் கீழவைப்பாரும்தான். ஒரு இடத்தைப் பார்த்து இப்படி ஆனது எனக்கு இதுதான் முதல் தடவை. உன் அக்காளைப் பெண் பார்க்க வந்தபோதுகூட எனக்கு வியர்த்ததே தவிர அடைக்கவில்லை. இதையும் அவளிடம் சொல்லிவிடாதே.

இந்த ஊரின் அழகை எப்படி எழுத? ஒரு பிளக்ஸ் போர்டு கிடையாது. திருமண வாழ்த்து கிடையாது, கண்ணீர் அஞ்சலி கிடையாது, பிறந்தநாள் காணும் அண்ணன் கிடையாது. "இந்த ஊருல யாருமே பொறக்க மாட்டாக போல" என்று உன் அக்காள் சொன்னாள். அவளுக்கு எதிலும் ஒரு குறை. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் எடுக்கும்போதும் வெள்ளையாகவே இருக்கிறது. நம் வீட்டில் காயப்போட்ட வேட்டியைத் துறைமுகத்து நிலக்கரித் தூசி தட்டாமல் நான் கட்டியது எந்தக் காலம்? ஹாரன் இல்லை. குழாய் ஸ்பீக்கர் இல்லை. காலையில் கண் விழித்தால் ஒரு சத்தமும் கேட்காது. முதல் நாள் எனக்குக் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்துக் கட்டிலில் கையால் தட்டிப் பார்த்தேன். தட்டியது கேட்டது. காது நன்றாக இருக்கிறது, ஊர்தான் அமைதி என்று தெரிந்து ஆனந்தமாகத் திரும்பப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அது ஆனந்தத்தினால் என்றே நினைக்கிறேன்.

ஒழுங்கு என்றால் இங்கேதான் ஒழுங்கு. டீ குடிக்கலாம் என்று கடைக்குப் போனேன், பூட்டியிருந்தது. மத்தியானம் போனேன், சாப்பாட்டு நேரமாம், பூட்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டுக் கடையைப் பூட்டுகிற ஊரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? சாயங்காலம் போனேன், திங்கட்கிழமை திறப்பதே இல்லையாம். செவ்வாய்க்கிழமை போனேன், கடைக்காரர் மகளைப் பார்க்க டவுனுக்குப் போய்விட்டார் என்று அட்டை தொங்கியது. நம் ஊர் என்றால் அண்ணாச்சி பக்கத்துக் கடையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். இங்கே பக்கத்துக் கடையே கிடையாது. அதனால் அந்தக் குழப்பமும் இல்லை. மீன் வேன் வியாழக்கிழமை வரும். அது எந்த வியாழக்கிழமை என்பது வேன்காரனுக்குத்தான் தெரியும். நாலு தெருவும் சுற்றி வந்தேன். ஒரு தபால்காரரையும், டிராக்டரில் போன ஒரு கிழவரையும், ஒரு பூனையையும் பார்த்தேன். மூவருக்கும் "போன்ஜூர்" சொன்னேன். பூனை மட்டும் நின்று பார்த்தது. பாதி வீடுகளுக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளெல்லாம் பட்டணத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள், கோடையில் ஒரு வாரம் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவார்களாம். பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவது பஞ்சாயத்து ஆள். கோவிலும் பூட்டுதான். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சாமியார், மாதத்துக்கு ஒரு பூசை. பிரசங்கம் கேட்டுத் தூங்குகிற கஷ்டம்கூட இல்லை. சொர்க்கம் என்று சாமியார் சொல்வது இதைத்தான் என்று எனக்குப் பட்டது.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வந்து சேர்ந்த அந்த வாரத்திலேயே ஒருநாள் காலையில் கோவில் மணி அடித்தது. டங்... என்று ஒன்று. பிறகு ஒரு இடைவெளி. பிறகு இன்னொரு டங். நீயே சொல்லு, நம் ஊரில் மணி அப்படி அடித்தால் என்ன அர்த்தம்? துக்க மணி. துக்க மணி கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து "யாரு? யாரு?" என்று கேட்காதவன் மாதா கோவில் பங்குக்காரனே இல்லை. உன் அக்காள் அடுப்பை அணைத்தாள், பெட்டியைத் திறந்தாள், வெளிர் நிறச் சேலை ஒன்றை உருவிக் கட்டினாள், கொண்டையை அவிழ்த்தாள். "ஏங்க, சட்டைய மாட்டுங்க, யாரோ போயிட்டாக" என்றாள். "ஏளா, நமக்கு யாரையும் தெரியாதே" என்றேன். "செத்தவுகளுக்கு மட்டும் நம்மளத் தெரியணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டாள். ஸ்டெபி குளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மேட்டுத் தெருவில் ஒரு வீட்டு முன்னால் இரண்டு கார் நின்றது. ஊரில் முதல் முறையாக நாலைந்து பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தேன். எல்லோரும் கறுப்பு உடை. கையில் சின்னக் கோப்பையில் காப்பி. யாரும் யாரோடும் பேசவில்லை. வாசல்படியில் வயதான ஒரு அம்மாள், அவர்களும் கறுப்பு கவுன், கண் சிவந்திருந்தது. இதைவிடத் துக்க வீட்டுக்கு என்ன அடையாளம் வேண்டும்? உன் அக்காள் நேரே போய் அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்து ஆரம்பித்துவிட்டாள். "என் ராசாத்தி, ஒன்னய இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாகளே, இனி இந்த வீட்டுல ஒனக்குன்னு யாரு இருக்கா, ஒரு வாய்த் தண்ணி கேட்டா யாரு குடுப்பா" என்று அவள் எடுத்த எடுப்பில் பூனை மதிலேறி ஓடியது. நான் தலையைக் குனிந்து, பக்கத்தில் நின்ற ஆளின் கையைப் பிடித்து, "வேர் பாடி?" என்று இங்கிலீஷில் கேட்டேன். அவன் முகம் வெளிறிவிட்டது.

ஈரத் தலையோடு ஸ்டெபி ஓடிவந்து விசாரித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. யாரும் சாகவில்லை. மணி ரிப்பேராம், டவுனிலிருந்து வந்த மெக்கானிக் மேலே ஏறி ஒவ்வொரு அடியாக அடித்துச் சோதித்துக்கொண்டிருக்கிறான். கறுப்பு உடைக்காரர்கள் அந்த அம்மாளின் மகனும் மகளும் மருமகளும், கூடவே பத்திரம் எழுதுகிற அதிகாரியும். பட்டணத்தில் எல்லா நாளும் கறுப்புத்தான் உடுத்துவார்களாம். அந்த அம்மாள் பெயர் சொலாஞ். புருஷன் போய் நாளாகிவிட்டது. தனியாக இருக்க வேண்டாம் என்று பிள்ளைகள் சேர்ந்து முடிவு பண்ணி, வீட்டை விற்றுவிட்டு அவர்களை டவுனில் முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு. நல்ல பிள்ளைகள். எல்லாம் தெரிந்ததும் மகன்காரன் மரியாதைக்குச் சிரித்தான். மருமகள் சிரித்தாள். மெக்கானிக் மேலேயிருந்து ஏதோ கேட்டான். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை புரியாமலே உன் அக்காளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை. அப்புறம் உன் அக்காளின் கையை விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டு போய் அடுக்களை மேசையில் உட்கார வைத்து, அங்கே விரித்திருந்த பத்திரத்தின் மேலேயே காப்பிப் பாத்திரத்தை வைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். பெயர் வாயில் நுழையாததால் உன் அக்காள் அன்றிலிருந்து "சோலை அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கும் அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நான் துக்கத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தேன். ஆன்றோ, அதுதான் வீடு. கல் சுவர். நீல ஜன்னல். பின்பக்கம் ஒரு வாதுமை மரம், ஒரு கிணறு, சுற்றிலும் இடுப்பளவுக்கு மதில். அந்த மதிலில் ஒன்றுமே காயவில்லை! நெத்திலி இல்லை, சாளை இல்லை, திருக்கை இல்லை, காக்கா இல்லை, காக்கா விரட்டுகிற கம்பு இல்லை. வெறும் மதில். வெயில் வந்து சும்மா விழுந்து கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாகக் கருவாடு விற்கிற அந்த இசக்கியம்மாள் நம் காம்பவுண்டுச் சுவரைக் கருவாட்டுக் களமாக்கி வைத்திருப்பதும், கேட்டால் தெருவே கூடுகிற மாதிரிக் கத்துவதும் நீ அறிந்ததுதானே. இப்படி ஒரு மதிலைப் பார்த்த பிறகு நான் எப்படித் திரேஸ்புரம் திரும்புவேன்? அங்கேயே மகன்காரனைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கப்பல் பைலட்டுகளிடம் பேசின இங்கிலீஷ். மெதுவாகப் போக ஸ்லோ அஹெட், நிறுத்த ஸ்டாப், கயிற்றை இறுக்கிக் கட்ட மேக் ஃபாஸ்ட். அதை வைத்தே வீடு பேசி முடித்துவிட்டேன். "ஐ லைக் ஹவுஸ். ஐ டேக். மேக் ஃபாஸ்ட்" என்றேன். அவன் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். இங்கே வீடு வாங்க ஆளே வருவதில்லையாம், விலையும் மலிவு, நம் வீட்டை விற்றாலே தாராளமாகக் காணும். அடுத்த வெள்ளிக்கிழமை பத்திர அதிகாரி திரும்ப வருகிறார். அதற்குள் நீ அங்கே ஒரு ஆளைப் பிடித்துப் பேச்சை முடிக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாருக்கும் விற்கச் சம்மதம். அந்த அம்மாளை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம், நமக்கு எதற்கு?

வாங்கப்போகிறவன் என்ற உரிமையில் தினமும் சாயங்காலம் அங்கே போய் வருகிறேன். கிணற்றை எட்டிப் பார்ப்பேன், கதவுக் கொண்டியை ஆட்டிப் பார்ப்பேன். அந்த அம்மாள் கோபப்படாமல் உட்கார வைத்துக் காப்பி தருவார்கள். உன் அக்காளும் ஸ்டெபியும் கூட இருப்பார்கள். கதவைப் பார்க்க வந்திருப்பதாகத்தான் உன் அக்காளிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள், "உங்க ஊரை விட்டுட்டு இங்க இருக்கணும்னு ஏன் தோணுது?" என்று ஸ்டெபி மூலமாக அந்த அம்மாள் கேட்டார்கள். உன் அக்காள் முன்னால் நான் என்ன சொல்ல? "நம்ம ஊரு எப்படின்னு காட்டுதேன், நீங்களே சொல்லுங்க" என்று போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டேன். எந்த வீடியோ என்று உனக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதற்குச் சாட்சியாக நான் மாடியிலிருந்து எடுத்தது. இசக்கியம்மாள் மதிலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டே, "ஏ செராங்கு அண்ணாச்சி! ஒம்ம மதிலு வெயிலயா திங்குது? நாலு நெத்திலி காஞ்சா ஒம்ம கோட்டை இடிஞ்சிருமோ? போட்டோ எடுக்கீரோ, எடும்! நல்லா எடும்! மூஞ்சி தெரியுதா?" என்று தலைமுடியை வேறு ஒதுக்கிக்கொள்வாளே, அதேதான். நடுவில் எதிர்வீட்டுப் பாண்டித்துரை பைக்கை முறுக்குவான், காக்கா கத்தும், கோவில் ஸ்பீக்கரில் ஜெபமாலை ஓடும். நான் கத்துவது கேட்கும். உன் அக்காள் எனக்குச் சப்போர்ட்டுக்கு வருவதுபோல வந்து அவளிடமே கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போவது வரைக்கும் பதிவாகியிருக்கிறது.

அந்த அம்மாள் ஒரு தடவை பார்த்தார்கள். திரும்பப் போடச் சொன்னார்கள். அப்புறம் போனைக் கையிலேயே வாங்கிக்கொண்டார்கள். "இந்த அம்மா தினமும் வருவாங்களா?" என்று கேட்டார்கள். தினமும்தான், ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டாள் என்றேன். "நீங்க மதிலுக்கு வரலைன்னா?" என்று அடுத்த கேள்வி. விடுவாளா? எனக்குச் சிக்குன்குனியா வந்து படுத்துக் கிடந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன செராங்கு அண்ணாச்சி, சத்தத்தையே காணும், போய்ச் சேந்துட்டீரா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டவளாச்சே. அன்றைக்கு மத்தியானமே ஒரு சட்டி ஊளிமீன் குழம்பு வைத்து, "இதத் தின்னுட்டு எந்திரிச்சு வந்து சண்டை போடச் சொல்லு" என்று உன் அக்காளிடம் கொடுத்தனுப்பினாள். குழம்பு நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம். ஒரு நோயாளியை இப்படியா நடத்துவது? இதையெல்லாம் ஸ்டெபி ஒன்று விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் படுகிற பாட்டைக் கேட்டு இரக்கம் தாங்கவில்லை போல. எவ்வளவு நல்ல மனசு பார். போன குளிர்காலத்தில் அவர்கள் கிணற்றடியில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்களாம், தபால்காரர் வந்துதான் பார்த்தாராம். அதுவும் தபால் இருந்ததால் வந்தார். அதை அவர்கள் பாட்டுக்குச் சாதாரணமாகச் சொன்னார்கள். உன் அக்காள்தான் ரொம்ப நேரம் அவர்கள் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இதில் நான் யோசித்ததையும் எழுதிவிடுகிறேன். ஸ்டெபிக்கு ஒரு நாள் கல்யாணம் ஆகும், அவள் எந்த ஊருக்குப் போவாளோ. திரேஸ்புரம் வீட்டில் நானும் உன் அக்காளும் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பதற்கு இங்கே வந்து உட்காரலாமே என்றுதான். இரண்டு இடத்திலும் இரண்டு பேர்தான். இங்கே அழகாவது இருக்கிறது.

விசாவைப் பற்றி நீ கேட்காதே. மூன்று மாதத்துக்கு மேல் இருக்க முடியாது என்று ஸ்டெபி பொதுவாகச் சொன்னாள். துறைமுகத்தில் நான் பார்க்காத பேப்பரா? கப்பல் பேப்பர் சரியில்லை என்றால் கப்பலை வெளித்துறையில் நிறுத்துவார்களே ஒழிய, மூழ்கடித்துவிட மாட்டார்கள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: பாண்டித்துரைக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவர் உண்டு, அவரைப் பார். வீட்டை மட்டும் காட்டு, சாயங்காலத்தில் காட்டு, அப்போது இசக்கியம்மாள் கருவாட்டை வாரிக்கொண்டு போயிருப்பாள். என்னுடைய செராங் தொப்பியையும் மாதா படத்தையும் எடுத்துப் பத்திரமாக உன் வீட்டில் வை. ஊரில் ஒருத்தருக்கும் விஷயம் தெரியக்கூடாது. இசக்கியம்மாளிடம் மட்டும் சொல்லு. "செராங்கு இனிமே வரமாட்டாரு, மதிலு ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் முகம் எப்படிப் போகிறது என்று கூர்ந்து பார்த்து எனக்கு எழுது. சந்தோஷப்பட்டாளா, சும்மா இருந்தாளா, ஏதாவது கேட்டாளா, எல்லாம் விவரமாக எழுது. இந்த வருஷம் பனிமய மாதா கொடியேற்றத்துக்கு நான் இருக்கமாட்டேன். பிறந்ததிலிருந்து தவறவிட்டதில்லை. பரவாயில்லை. என் பெயருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து. பெரிதாகவே கொளுத்து.

அல்போன்சாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். கடலுக்குப் போனவர்களும் கரையில் இருப்பவர்களும் பத்திரமாக வீடு வந்து சேர மாதா துணை செய்வாளாக.

இப்படிக்கு உன் அத்தான்,
அமலன் மச்சாடோ
(ஓய்வு பெற்ற டக் செராங், மொந்தோலாக்)

பி.கு.: தபாலாபீஸ் பூட்டியிருக்கிறது. எப்போது திறப்பார்கள் என்று எழுதிய போர்டின் மேல் கொடி படர்ந்துவிட்டது, பார்க்க ரொம்ப அழகு. அதுவரைக்கும் இதை ஒளித்து வைக்கிறேன். இன்னொன்று, நாங்கள் கிளம்பும்போது இசக்கியம்மாள் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதவும். கேஸுக்காகத்தான் கேட்கிறேன்.

தம்பி ஆன்றோ, இதுக்குக் கீழ எழுதுறது அக்கா. ஒங்க அத்தான் இந்தக் கடுதாசிய என் ஜெபப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாக. நான் தொடாத எடம் வேணும்னா அவுக சவரப் பெட்டியில வச்சிருக்கலாம். செராங்கு புத்தி.

முழுசும் படிச்சேன். அந்தத் திரேஸ்புரம் வீடு நம்ம அப்பா என் பேருக்கு எழுதி வச்சதுன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கும், சாட்சிக் கையெழுத்தே நீதான போட்ட. அவுகளுக்குத்தான் மறந்துபோச்சு போல. நானும் ஞாபகப்படுத்தல. புரோக்கரு கிரோக்கருன்னு அலையாத.

வெள்ளிக்கிழமை பத்திரக்காரரு வந்தாரு. சோலை அக்கா கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டா. மக்கமாரு எல்லாரையும் உக்கார வச்சு, ஒங்க அத்தான் போனை வாங்கி அந்த வீடியோவப் போட்டுக் காட்டுனா. "நான் செத்தா இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாதுன்னுதான என்னைய அனுப்புதீக? உசுரோட இருக்கியான்னு தினமும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்குற ஊரு இருக்குதாம். நான் அதப் பாத்துட்டு வந்து ஒங்களுக்குப் பதிலு சொல்லுதேன்"னுட்டா. ஸ்டெபிதான் எனக்குத் தமிழ்ல சொன்னா. மகன்காரன் ஒங்க அத்தானப் பாத்த பார்வை இருக்கே. இவுக வாதுமை மரத்தப் பாத்துக்கிட்டு நின்னாக.

ஆக, சோலை அக்காளும் எங்களோட வாரா. கொடியேத்தத்துக்கு முன்னால வந்துருவோம். டிக்கெட்டு, விசா எல்லாம் ஸ்டெபி பாத்துட்டா. இதக் கேட்டதும் ஒங்க அத்தான் கதவுக் கொண்டிய இன்னொரு தடவ ஆட்டிப் பாத்தாக. அப்புறம், "மாடி ரூமு ஃபேனு ஓடுதான்னு ஆன்றோவ பாக்கச் சொல்லு"ன்னாக. அவ்வளவுதான் அவுக பிரான்ஸு. தினமும் கல்லறை மதிலுக்கிட்ட போயி நின்னு, நம்ம துறைமுகத்துக்கு இன்னைக்கு எந்தக் கப்பலு வந்திருக்குன்னு போன்ல பாத்துட்டு வாராகன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காக.

மாடி ரூமக் கழுவி விடு. இசக்கியம்மாகிட்ட நானே போன்ல பேசிட்டேன். முழங்காலு தேவலையாம். "அந்த மனுசன் இல்லாம கருவாடு காயவே மாட்டேங்குது, சீக்கிரம் கூட்டிட்டு வா"ன்னா. நீ போயி மதில்ல ஒரு ஓரமா கொஞ்சம் எடம் விட்டு வைக்கச் சொல்லு. சோலை அக்காளும் ஒரு நாளாவது அங்கன நின்னு சண்டை போடணுமாம்.